817-வது படம்

நீர்நாயின் எச்சம் காய்ந்தால்
மீன் செதிலும் நண்டோடும்தான் மிஞ்சும்.
அதைப் பொறுக்கி மாத்திரை டப்பாவில் போட்டு
தேதி எழுதுவது இப்போது என் தொழில்.

ஸ்பிதியில் பனிச்சிறுத்தைக்காகப்
பதினேழு நாள் கிடந்திருக்கிறேன்.
கட்ச்சின் உப்புவெளியில்
காட்டுக்கழுதைகள் கிளப்பிய புழுதியைத் தின்றிருக்கிறேன்.
எந்த ஊர் என்று கேட்டவர்களிடமெல்லாம்
ஆறு இருக்கிற ஊர் என்பேன்.
ஆற்றை ஒருநாளும் படமெடுத்ததில்லை.

அணைக்கரைக்குக் கிழக்கே, கொள்ளிடத்துத் தென்கரை.
கிளாரா டீச்சர், உரக்கடை நூர்தீன், நான்:
இதுதான் எங்கள் இயக்கம்.
ரசீதுப் புத்தகத்தில் மட்டும் செயற்குழு உண்டு.

இடம் காட்டியவர் வைரக்கண்ணு.
'இடிஞ்ச மதகு இருக்குல்ல, அதும்மேல,
விடியறதுக்கு முந்தி, நாலஞ்சு உருப்படி.
சீட்டியடிச்சுக்கிட்டே போவும்.
வலையைக் கிழிக்கிற சனியன்தான்,
ஆனா பாத்துக்கிட்டே நிக்கலாம்.'
அந்த நேரத்தில் உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

பூவரசில் கேமராப் பெட்டியைக் கட்டினோம்.
எது அசைந்தாலும் தானே எடுக்கும்.
பதினோரு இரவு, ஆயிரத்து முந்நூற்றாறு படம்.
காற்றுக்கு ஆடும் கோரை, பாதிக்கு மேல்.
ஆடு. மறுபடி அதே ஆடு.
ஒரு நரி, நண்டு வளையில் மூக்கை விட்டபடி.
நள்ளிரவில் படித்துறைக்கு வந்து
முகம் கழுவிக் கழுவி அழுத பெண்
(அதை அப்போதே அழித்துவிட்டேன்).
நூர்தீனின் மச்சான், சீட்டுக்கட்டோடு.

பிறகு 817.
மூன்று நாற்பத்திரண்டு. நிறமில்லாத வெளிச்சம்.
மணல் நிறைந்த மாட்டுவண்டி.
ஒரு கை மயிலையின் மூக்கைப் பொத்தியிருக்க
மறு கையில் செவலையின் கயிறு,
வைரக்கண்ணு.
சக்கரத்துக்கு முன்னால், வாயில் கெளுத்தியோடு
கடந்து போகிறது தாய்.
பின்னாலேயே குட்டிகள்.

811-லிருந்து 822 வரை
வண்டி அதே இடத்தில் நிற்கிறது.
நான்கு நிமிடம்.
திருட்டு மணல் வண்டிக்கு நான்கு நிமிடம் என்றால்
மாடும் வண்டியும் ஸ்டேஷன் வாசலில் நிற்க
அதுவே போதும்.

வண்டியை வெட்டிப் பார்த்தேன்.
கடைசிக் குட்டி சக்கரத்தின் நிழலில் நிற்கிறது,
சக்கரம் போனால் குட்டியும் போகும்.
முகத்தை மங்கலாக்கிப் பார்த்தேன்.
மூச்சை அடக்கி நிற்கிற அந்த முகம் இல்லாமல்
அது ஏதோ ஒரு நீர்நாய்.

டீச்சர் சொன்னார்:
மணல் போனால் கரை சரியும், கரையில்தான் பொந்து.
நூர்தீன் சொன்னான்:
பகலில் லாரி போகிறதே, அதற்கு ரசீது இருக்கிறது.
இரண்டு பேரும் டீயை ஆறவிட்டார்கள்.
போட்டிக்கு அனுப்பக் கடைசித் தேதி
அந்த வெள்ளிக்கிழமை. அதுவும் போனது.

ஒரே ஒரு பிரதி போட்டு
செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனேன்.
வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர்
கையை வேட்டியில் துடைத்து வாங்கினார்.
'மயிலைக்கு ஏன் கண்ணு இப்புடி எரியுது?'
விளக்கு வெளிச்சம் என்றேன்.
'வெளக்கே இல்லையே அங்க.'
நம் கண்ணுக்குத் தெரியாத விளக்கு என்றேன்.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வெகுநேரம் கழித்து,
'குட்டி மூணா? ரெண்டுன்னுல்ல நெனச்சேன்.'

அடுத்த வாரத்து அட்டையில்
இரண்டே காலுக்கு வருகிறது வண்டி.
துண்டால் முகத்தை மூடியிருக்கிறார்.
மாடுகளை மட்டும்
பெட்டியைப் பார்த்து நேராக நிறுத்தியிருக்கிறார்,
கொம்புக்கு எண்ணெய் தடவி.

சிரித்துக்கொண்டே பெட்டியைக் கழற்றப் போனேன்.
பூவரசின் வேர்கள் இரண்டு,
போன வாரம் மண்ணுக்குள் இருந்தவை,
தண்ணீருக்கு மேலே
வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன.