ஏழு வெள்ளி முப்பத்தைந்து காசு

பத்தொன்பது மார்ச் மாதங்கள்
உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன், ரெஜினா,
தவறு தேடி.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
குளிர்சாதனத்துக்கு நேர் கீழே
எனக்கொரு நாற்காலி போட்டுவைப்பீர்கள்.
தற்செயலாகப் போட்டதில்லை என்பது
மூன்றாம் வருடம்தான் விளங்கியது:
நடுங்குகிறவன் சீக்கிரம் முடித்துக் கிளம்புவான்.

இன்று உங்களுக்குப் பிரியாவிடை விருந்து.
புக்கிட் தீமா மழை கூரையில் இரைகிறது.
மேடையில் நிர்வாகக் குழுத் தலைவர் வாசிக்கிறார்:
முப்பத்தோராண்டு, அர்ப்பணிப்பு, தூண்.
தூண் என்றதும் நீங்கள்
மண்டபத்தின் இடப்பக்கத் தூணைப் பார்க்கிறீர்கள்.
எனக்குத் தெரியும்,
கரையான் மருந்து ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது.

அவர் வாசிக்காததை
என் கோப்புகளிலிருந்து சொல்கிறேன்.

புகைமூட்டம் ஊரை மூடிய செப்டம்பர்.
தேர்வு மண்டபத்துக்கு நாற்பது காற்றுச் சுத்திகரிப்பான்கள்.
விதிப்படி மூன்று விலைப்புள்ளி வேண்டும்.
பற்றுச்சீட்டின் பின்பக்கம் உங்கள் கையெழுத்து:
"ஒரே கடையில்தான் இருப்பு. பிள்ளைகள் இருமுகிறார்கள்.
பொறுப்பு என்னுடையது. ரெ.ச."
விதிமீறல் என்று அறிக்கையில் எழுதினேன்.
வாசித்துவிட்டு
ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தித் தந்தீர்கள்.

கட்டண நிலுவைக் கடிதங்கள்
மாதந்தோறும் ஐந்தாம் தேதி போகும்,
அக்டோபர் தவிர.
தேர்வு மாதம்.
ஏன் என்று கேட்டேன்.
"அச்சு இயந்திரம் பழுது."
எல்லா அக்டோபரிலுமா?
"பழைய இயந்திரம்."

ஆசிரியர் அறையில் உங்கள் பெயர் மேடம் கேனாட்.
இசையாசிரியர் லியோங் நான்கு வருடம் பியானோ கேட்டார்.
கேனாட்.
கால்பந்துத் திடலுக்குச் செயற்கைப் புல்.
கேனாட், கேனாட்.
அந்த நான்கு வருடமும்
தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்குப் பணம் சேர்த்தீர்கள்,
ஆண்டு மலரில் படம் வராத பம்புகள்.
கால்வாய் பொங்கிச் சாலை மறைந்த காலையில்
அறிவியல் கூடத்தை நோக்கி ஏறிய தண்ணீர்
ஒரு படி கீழே நின்றது.
ஐந்தாம் வருடம் பியானோ வந்தது.
லியோங் அதற்குள் வேறு பள்ளிக்குப் போயிருந்தார்.
இதையும் மறைக்கக் கூடாது:
இன்றைய விருந்துக்கு அவர் வரவில்லை.

பிறகு அந்த ஏழு வெள்ளி முப்பத்தைந்து காசு.

வங்கிக்கும் பேரேட்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.
தள்ளுபடி செய்துவிடலாம் என்றேன்,
எங்கள் அளவுகோலில் அது தூசு.
நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டீர்கள்.
துப்புரவுப் பணியாளர் நூர்லைலா வாளியோடு வந்து
கால்களைத் தூக்கச் சொன்னார், தூக்கினோம்.
இரவு பத்தே முக்காலுக்கு அகப்பட்டது:
உயர்நிலை இரண்டில் இரண்டு டான் வெய் ஜியே.
முகாமுக்குப் போகாதவனுக்குச் சேரவேண்டிய பேருந்துக் காசு
போனவன் பெயரில் வரவாகியிருந்தது.
மறுநாள் உறையிலிட்டு
வகுப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தீர்களாம்.
எண்ணிப் பார்த்தானா என்று கேட்டேன்.
"எண்ணச் சொன்னேன்," என்றீர்கள்.

எத்தனையோ நிறுவனங்களுக்கு
நான் கையெழுத்திட்டுத் தரும் வரி ஒன்று உண்டு:
'உண்மையாகவும் நியாயமாகவும் உள்ளன.'
உறை கொடுத்த கதை கேட்ட நாள்
ரயிலில் அதை வாய்விட்டுப் படித்தேன்.
எதிரே இருந்தவர் காதிலிருந்து
ஒலிப்பானைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

இப்போது நினைவுக் கேடயம்.
வாங்கியதும் திருப்புகிறீர்கள்,
விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று.
எல்லாரும் எழுந்து கைதட்டுகிறார்கள்.
ஓய்ந்ததும், யாரும் உட்காராத பின்வரிசையின்
விளக்குகளை அணைத்துவிட்டு
நோகும் முழங்காலோடு என் மேசைக்கு வருகிறீர்கள்.

"அடுத்த மார்ச்சுல புது ஆள் இருப்பாங்க.
அந்த நாற்காலிய மட்டும்
நகத்தக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்."