தரம் நான்கின் குளம்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று
மூன்று முறை கரும்பலகையில் எழுதி
மூன்று முறை அழித்தாயிற்று.
இருபத்திரண்டு கொப்பிகளிலும்
ஒரே கட்டுரை:
"எங்கள் ஊரில் ஒரு குளம் உண்டு. அது மிகவும் அழகானது.
ஆகவே நாம் குளத்தைப் பாதுகாப்போம்."
இடையில் ஒன்றுமில்லை.
தலையை அடுத்து உடனே வால்.

மாரி விட்ட கிழமை.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
நிலம் பிசைந்த மாப்போல் கிடந்தது.
"செருப்பைக் கழட்டுங்கோ" என்றேன்.
அதற்குப் பிறகு நான் சொன்னது
கொஞ்ச நேரம் யாருக்கும் கேட்கவில்லை.

குழுவுக்கு ஒரு முழக் கட்டு.
சிரட்டையால் அள்ளி, உள்ளங்கையால் அடித்து
முத்தையன்கட்டைக் கணுக்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.
துருசுக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்குமுன்
லதுர்சிகா வேலியோரம் ஓடி
பப்பாசி இலைக் காம்பொன்றை முறித்து வந்தாள்.
பால் வடிய வடிய ஊதிப் பார்த்து
கட்டின் அடியில் செருகினாள்.
வாய்க்கு ஒரு மண் உருண்டை.

"இந்த உருண்டையை எடுக்கிறதுதான் முன்னுரை.
முழுக் குளத்தையும் திறந்து விடாதேங்கோ.
ஒரு விரல் தண்ணி போதும்,
எந்தப் பக்கம் போகுது எண்டு காட்ட."
பிறகு வாய்க்கால்கள்.
மீனுக்கு ஒரு வயல், குளிப்புக்கு ஒரு வயல், நெல்லுக்கு ஒன்று.
வரம்பை வெட்டி அடுத்த வயலுக்குள் பாய்ச்சினால்
என்ன நடக்கும் என்று கேட்டேன்.
"பொலிஸ் வரும், ரீச்சர்."
பந்தி பிரிக்க அதைவிட நல்ல விளக்கம்
ஆசிரியர் வழிகாட்டியில் இல்லை.

முடிவுரையில் நான்தான் தடுமாறினேன்.
தண்ணீர் எங்கே முடிகிறது?
கடைசி வயலுக்குக் கீழே
கவிப்பிரியன் குச்சியால் ஒரு கோடு கீறி
பக்கத்துக் குழுவின் குளத்துக்குள் கொண்டுபோய் விட்டான்.
"எங்கட கழிவு அவைக்கு வரத்து."
சண்டை வந்தது.
நான் கவிப்பிரியன் பக்கம்.

டினோஜனின் கட்டு மட்டும் ஓரிடத்தில் கசிந்தது.
குதிக்காலால் மிதித்தான், இலை வைத்து அடைத்தான்,
பிறகும் கசிந்தது.
"நண்டு துளைச்ச இடம், ரீச்சர்."

அந்த நேரம் பார்த்து வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர்.
சப்பாத்தைச் சேற்றுக்கு ஓரடி இப்பால் நிறுத்தி
"இது சுற்றாடலா?"
"தமிழ், சேர். கட்டுரை."
இருபத்திரண்டு சோடி முழங்கைகளைப் பார்த்தார்.
பதிவுப் புத்தகத்தில் நீளமாக ஏதோ எழுதினார்.
அதற்கு முன்னுரை இருந்திருக்காது.

மறுநாள் வந்த கொப்பிகளில் மண் வாசம்.
"எங்கள் குளத்தில் ஒரு துருசு இறுகிப் போய்விட்டது"
என்று தொடங்கியிருந்தாள் லதுர்சிகா.
அந்த ஒரு வரிக்கே எட்டுப் போடலாம்.
டினோஜனின் முதல் பந்தியில்
விராலும் ஜப்பான் மீனும், கிலோ விலையோடு.
அடுத்தது குளிப்பு. அதன் நடுவில்,
எந்த வாய்க்காலிலும் வராமல்:
"இரவில் அம்மா பரணில் இருந்து யானைக்குத் தகரம் தட்டுவா.
சத்தம் நின்றால் நான் எண்ணத் தொடங்குவேன்.
குளத்தில் சவர்க்காரம் போடக் கூடாது."

"தொடர்பில்லை" என்று எழுதப்போன சிவப்புப் பேனை
"தொ"வில் நின்றது.
உண்மைக் கட்டின் அடியிலும் கசிவுதான்;
ஆவணி வெயிலில் ஊரே கருகிக் கிடக்க
பொன்னாங்காணி முளைப்பது
அந்த ஒரு முழ ஈரத்தில்.

கூப்பிட்டேன்.
"பிழையோ, ரீச்சர்?"
"எவ்வளவு மட்டும் எண்ணுவாய்?"
"நானூறு. அதுக்குள்ள திரும்பத் தட்டுவா.
ஒருநாள் தொளாயிரம் போட்டுது."
"அதையும் எழுதன்."
கொப்பியை வாங்கி, அழிறப்பரை விரலுக்குள் உருட்டியபடி
நின்றான்.
"எந்த வயலுக்கு விடுறது, ரீச்சர்?"