ரோச் வெளிச்சம்

நாகநாதியார் அந்தப் பாட்டை எழுதின கிழமை
தண்ணிமுறிப்புக் குளக்கட்டில்
காவலுக்கு இருந்தது நான்தான்.
வயலுக்குள் யானை இறங்கிவிட்டதென்று
இரண்டு தரம் ரோச் அடித்தேன்.
இறங்கியிருந்தது மாடு.

“மருதடியில் சுடராகி நின்றாய்,
எனைப் பார்த்து இருமுறை இமைத்தாய்”
என்று பாட்டு வந்தது.
பங்குனிப் பொங்கலில் அதைப் பாடச் சனம் அழுதது.
நானும் அழுதேன்,
எனக்குத் தெரிந்திருந்தும்.
சங்கக்கடை மனேச்சர் பட்டுச் சால்வை போர்த்தினார்.

ஏழு வருசம் வாய் திறக்கவில்லை.
போன மாரி, வான் பாய்ந்து பாதை மூடின இரவு
ஒரே கொட்டிலில் ஒதுங்கியபோது
சொல்லிப்போட்டேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
“எத்தினை பற்றரி?”
“மூண்டு, ஐயா.”
“அதுதான். நல்ல வெளிச்சம்.”

அடுத்த பொங்கலில், மடை பரவி முடிய
மைக்கை வாங்கினார்.
“மருதடியில நிண்டது சீவரத்தினத்தின்ர ரோச்.
நான் இன்னும் ஒண்டையும் காணேல்லை.
காணவேணுமெண்ட ஆசை எழுதின பொய் அது.”
ஒருவர் காதிலும் ஏறவில்லை.
பெண்கள் அதே பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.
அவரும் தாளம் போட்டார்,
அந்த அடி வரும்போது மட்டும் கை நிறுத்தி.

சால்வை என் வீட்டுக்கு வந்தது,
‘உரியவருக்கு’ என்று துண்டு குத்தி.
பனிக்கு நல்லது.

இப்போதும் சில இரவுகளில் குளக்கட்டால் வருவார்.
செருப்புச் சத்தம் கேட்டதும்
ரோச்சை அணைத்துப்போட்டு
இருட்டுக்குள் நிற்கிறேன்
அவர் மருதைத் தாண்டும் வரைக்கும்.
யானை வந்தாலும்.