ஐம்பத்தேழு

இருபத்திநாலு வீதம் என்றுதான்
ரோஸ் மட்டைப் புத்தகத்தில் அடித்திருந்தது.
ஐம்பதினாயிரம் கேட்டோம்.
காப்புறுதி, முத்திரை, படிவக்காசு போகக்
கையில் வந்தது நாற்பத்தேழு.
ஐம்பத்திரண்டு செவ்வாய்கள்,
தலைக்கு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் கட்டவேண்டும்.
அப்படித்தான் குடத்தனையில்
அயலட்டைக்குள் கதை நின்றது.

அபிசாயினி கம்பஸுக்குப் போய்ப் பாதியில் நின்றவள்.
தாயின் புத்தகத்தை ஒருநாள் முழுக்க
கண்ணாடி உடைந்த போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.
"அம்மா, இது ஐம்பத்தேழு."
ஆருக்கு என்று தாய் கேட்டா.
வயசு என்று நினைத்திருக்கிறா.

பிறகு அதை எல்லாப் போனுக்கும் செய்தாள்.
முதல்தரம் இங்கிலீசில் வந்தது, திருப்பி அனுப்பினோம்.
இரண்டாம்தரம் எழுத்து எறும்பு மாதிரி,
தர்மவதிக்குத் தெரியவில்லை.
மூன்றாம்தரம் எழுத்தே வேண்டாம் என்றோம்:
இராசமலருக்கு வாசிக்க வராது,
சங்கத்தில் முதலில் உயரும் கை அவளுடையது.
அப்ப வாய் வேண்டும். ஆருடைய வாய்?
சந்தையில் சூடைமீன் விலை கூவிக் கூவிக்
கரகரத்துப்போன பத்மலோஜினியை
வள்ளங்கள் திரும்பாத ஒரு விடியலில் பதிந்தோம்.
சைபரிலிருந்து நூறுவரை சொல்லிவிட்டுக்
கேட்காமலே ஒன்று சேர்த்தாள்:
"விசர்க் கணக்கு."
வெட்டுவதா என்று வாக்கெடுத்தோம்.
வெட்டவில்லை.

சிக்னல் தண்ணித்தாங்கிக்கு மேலேதான் பிடிக்கும்.
அதனால் புளூடூத்தில், போனுக்குப் போன்,
வேலிப் பொட்டுக்குள்ளால் கறிவேப்பிலை போவதுபோல் போனது.
பெயர் வைக்க மூன்று கூட்டம். பெயர் வரவில்லை.
அடையாளப் படத்துக்கு அந்த ரோஸ் மட்டையே.

செவ்வாய்.
காசு சேர்க்கிற ரூபகரன்
மோட்டார்சைக்கிளை நிழலில் விட்டுப் பெயர் கூப்பிட்டான்.
முப்பத்தொரு போன்கள்
ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிந்தி, ஒரே தொண்டையில்:
ஐம்பத்தேழு ஐம்பத் ஐம்பத்தேழு தேழு
விசர் விசர்க் கணக்கு.
சிரிப்பை அடக்க இராசமலர் முந்தானையைக் கடித்தாள்.
அன்று ஒருத்தரும் கட்டவில்லை.

வென்றோம் என்று சொல்லமாட்டேன்.
வியாழன் வேறு ஆள் கடிதத்தோடு வந்தார்.
வழக்கு பருத்தித்துறையில் கிடக்கிறது.

வெள்ளி இரவு ரூபகரன் வந்தான், கழுத்துப்பட்டி இல்லாமல்.
மோட்டார்சைக்கிளின் லீசிங் புத்தகம்
சேட்டுக்குள் வியர்த்துக் கிடந்தது.
"எனக்கும் ஒருக்காப் போட்டுப் பாக்கேலுமே?"

அவனுடையது மாதத் தவணை.
"கிழமைக் கணக்குக்குத்தான் எழுதியிருக்கிறன்,"
என்றாள் அபிசாயினி, "கொஞ்சம் இருங்கோ."
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
அவன் இருந்தான்.