பல் பார்த்தல்

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்கு நான் ஆயிரத்து எண்ணூறு டாலர்
எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

ஷெப்பர்ட்டன். செப்டம்பர். சனிக்கிழமை.
கராஜ் கதவைப் பாதி உயர்த்தி
காலி ஐஸ்கிரீம் டப்பாவை அடியில் தள்ளி
பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் திருகினேன்.
எண்ணெய் இறங்கியது,
அடிப்பிடித்த புளிக்குழம்பாக.

"ஞாயிறு மட்டும்தான் வெளியே எடுப்பேன்"
என்றார், விற்ற வாரன்.
செயினைத் துடைத்துப் பார்த்தேன்.
பின்சக்கரத்துப் பற்களெல்லாம் கூர்ந்து
ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
வாரத்துக்கு எத்தனை ஞாயிறு, வாரன்?

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் குளவியின் மண்கூடு.
சுரண்டி எறிந்தேன்.
வேலிமேல் இருந்த மேக்பை இறங்கி வந்து
கிளறிவிட்டுப் போனது.

பின் பிரேக் பேட் காகிதமாய்த் தேய்ந்திருக்கிறது.
முன்னது மட்டும் புதுசு மாதிரி.
இது எப்படி?

கைப்பிடிக்கு வந்தபோதுதான்.
முன் பிரேக் லீவரில் துணி டேப்,
சுற்றிச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்கு.
உரித்தால் உள்ளே இன்னொரு டேப்,
அதற்கும் உள்ளே ஸ்பாஞ்ச்.
மடங்காத விரல்களுக்கு
லீவரைக் கிட்டே, கிட்டே
கொண்டுவரப் பார்த்திருக்கிறார்.

சாவியை இடக்கையால் நீட்டினார் அன்றைக்கு.
மரியாதை தெரியாத ஆள் என்று
வழியெல்லாம் முணுமுணுத்தேன்.

காசு திருப்பிக் கேட்டு எழுதிய குறுஞ்செய்தி
அனுப்பாமல் போனில் கிடக்கிறது.
செயின் செட் நூற்று எண்பது.
பின் பேடும் சேர்த்தால்
இருநூற்று முப்பது.
டேப்பை மறுபடி சுற்ற வரவில்லை,
ஒட்டு போய்விட்டது.