நாலு விரல்

துவக்கு பின்னுக்கு உதைக்கும்.
கண்ணாடி உதைக்காது;
அது நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும்.
அதற்கடியில் துவக்குத்தான் நழுவி ஓடுகிறது.
இது விளங்க எனக்கு
ஆறு ஸ்குறூ முறியவேண்டியிருந்தது.

ஸ்ரான்லி வீதியில் என் கடை.
தையல் மெஷின், தட்டச்சு,
எப்போதாவது ஒரு மணிக்கூட்டின் பல்லுச்சக்கரம்.
அறுபத்தொன்பது மாசியில்
புரக்கிராசி அருளையா
சாரத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.
மேசை ஒருபக்கம் சாய்ந்தது.
முந்நூற்றெழுபத்தைந்து.
"முழங்காவிலிலை வயலுக்குள்ளை யானை.
பெர்மிற் இருக்கு, சூசைதாசன்.
மூண்டு வெடிக்கொருக்கா
இந்தக் கண்ணாடி பொய் சொல்லுது."

கண்ணாடி பொய் சொல்லவில்லை.
அடித்தகட்டின் நாலு துளையிலும் எண்ணெய்.
யாரோ அன்பாக விட்டிருக்கிறார்கள்.
தையல் மெஷினென்றால் நானும் விட்டிருப்பேன்.

ஸ்பிரிற்றில் கழுவினேன்
பஞ்சு வெள்ளையாய் வரும்வரை.
ஒவ்வொரு புரிக்கும் ஒரு சொட்டு
மரியபுஷ்பத்தின் சிவப்பு நகப்பூச்சு.
(பூப்போட்ட அந்தக் குப்பியை அவள் இன்னும் தேடுகிறாள்.)
வளையங்கள் இரண்டுக்குள்ளும் உருக்குத் தண்டு,
வால்வு அரைக்கிற பசை,
முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மத்தியானம் முழுக்க.
உட்பூச்சின் கறுப்பு போன இடமெல்லாம் தொடுகிறது.
முக்கால்வாசி போனதும் நிறுத்திவிட்டேன்.
முழுக்கப் போகட்டுமென்று அரைத்தால்
வளையம் பிறகு எதையும் பிடிக்காது.

வளையத்தை முன்பக்கம் தள்ளி
தள்ளிப் பிடித்தபடியே இறுக்கினேன்.
மயிரிழை இடைவெளி விட்டாலும்
வெடிக்கு வெடி ஓடிவந்து முட்டும்.

பண்ணைக் கரையில் இரண்டு மணல்மூட்டை.
தாழ்ப்பாளைக் கழற்றிய வெறுங்குழலுக்குள்ளால்
மண்டைதீவுப் பக்கத்து ஒற்றைப் பனை.
துவக்கு அசையாமல்
குறுக்குக்கோட்டைத் திருகித் திருகி
அதே பனைக்குக் கொண்டுவந்தேன்.
வலையோடு நின்றவன் கேட்டான்:
"பனை உமக்கு என்ன செய்தது?"

கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் வேணும்.
புரக்கிராசிக்கு நான்தான் சொன்னேன்.
அவர் நாலு விரல் விட்டார்.
மூன்று வெடியும் ஒரு சிரட்டைக்குள் விழுந்தன.
எனக்கும் ஒன்று தாருங்கோ என்றேன்.
வரம்பில் குப்புறப் படுத்தேன்.
படுத்தால் கழுத்து முன்னுக்கு நீளும்
என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்ட ஞாபகமில்லை.
மழை என்று நினைத்தேன்.
சூடான மழை, ஒரு கண்ணுக்கு மட்டும்.
அப்போதிக்கரி மூன்று தையல் போட்டு
"பிறை வந்திட்டுது உமக்கு" என்றார்.
கண்ணாடி அசைந்ததா?
அதைத்தான் நான் முதலில் கேட்டேன்.
அசையவில்லை.

அந்தப் போகம் யானை வரவில்லை.
இரண்டு வருஷத்தில்
துவக்கு கச்சேரிக்குப் போனது,
புரக்கிராசியிடம் ரசீது இருந்தது.

தொண்ணூற்றாறு. நாவற்குழி. வரிசை.
மகனின் சட்டையைக் கழற்றச் சொல்லி
வலது தோளைப் பெருவிரலால் அமுக்கினான் ஆமிக்காரன்.
உதை வாங்கிய தோள் நீலம் பாரித்திருக்குமாம்.
அதில் புத்தகப் பையின் வார்த்தடம் மட்டும்.
பிறகு என் புருவம்.
பிறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
மெல்ல விரலை ஓட்டினான்.
"மொக்கத?"
மெஷின் என்றேன். தையல் மெஷின்.
காற்றில் சில்லைச் சுற்றிக் காட்டினேன்.
அவன் முகம்
நாலு விரல் தூரத்தில் நின்றது.

அவன் தோளில் தொங்கியதைப் பார்த்தேன்.
பார்க்காமலிருக்க எனக்குத் தெரியாது.
பிடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குறூ
இரண்டு புரி வெளியே நிற்கிறது.
என் பெருவிரல் நகம் தானாக வளைந்தது.
கையைச் சாரத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

"யன்ன" என்றான்.
பாலம் முடியுமட்டும் நாங்கள் கதைக்கவில்லை.
மகன் பொத்தானைப் போட்டுக்கொண்டே நடந்தான்,
ஒன்று தள்ளி,
எல்லாமே ஒன்று தள்ளி.