வாங்கும்போது

கல்லடிப் பாலத்தில் விளக்குகள் பற்றிய பிறகு
கிருபைராசா கொப்பியை விரித்தார்.
ஒரு பக்கம் கல்கரி, மறுபக்கம் டொரொண்டோ.
நடுவில் கோடு போட அடிமட்டம் கிடைக்கவில்லை.
கரண்ட் பில்லை மடித்து வைத்து இழுத்தார்.
கோடு வாவிக்கரைபோல் வளைந்தது.

கல்கரியிலிருந்து சதானந்தன் மச்சான்:
"இஞ்ச மாகாணத்துக்கெண்டு விற்பனை வரி இல்ல.
நூறு டொலர்ச் சாமானுக்கு
மேல அஞ்சு வச்சாச் சரி."
டொரொண்டோவிலிருந்து மேர்சி:
"இஞ்ச பதிமூண்டுதான். ஆனா
அரிசிக்கு இல்ல, பாலுக்கு இல்ல, முட்டைக்கு இல்ல.
அங்க போனா மறுகா
குளிருக்கு உடுப்பு வாங்கியே முடிவீங்க கா."
சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டோம்.
இருவருக்கும் அந்த நேரம் பார்த்து
லைன் சரியில்லை.

நான் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
பெறுமதி சேர் வரிக்குத் தனி நிரல் போட்டுப்
பன்னிரண்டு வருடம் விரல் தேய்ந்தது.
ஆணிக்குப் பதினெட்டு வீதம்,
பெயின்ற்றுக்குப் பதினெட்டு வீதம்.
வீடு கட்டுகிறவன்தான் வரியும் கட்டுகிறான்.
முதலாளி அதைச் சுமந்துபோய்க் கொடுக்கிற ஆள்,
சில மாதங்களில்
வழியில் கொஞ்சம் இளைப்பாறுவார்.

தொழில் பழக்கத்தில் விளக்கினேன்:
ஒன்று, சம்பளம் வாங்கும்போது போவது.
மற்றது, சாமான் வாங்கும்போது போவது.
சொன்ன பிறகுதான் கவனித்தேன்,
இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்.
வெறுங்கை நீட்டினாலும் வாங்குகிறோம்,
காசை நீட்டினாலும் வாங்குகிறோம்.
அடி வாங்குவதும் இதே வாங்குவதுதான்.

"எது குறைய வலிக்கும்?"
சம்பளத்தில் போவது
விறைக்க ஊசி போட்டுப் பிடுங்கும் பல்.
கடையில் போவது நுளம்பு.
ஒவ்வொரு கடிக்கும் கை ஓங்கும்,
படுவது நம் கன்னத்தில்.
கிருபை சிரிக்கவில்லை. பென்சிலைச் சீவினார்.

என் அப்பா நல்லரெத்தினம்
இந்தக் கணக்கை முன்னமே செய்து பார்த்தவர்.
கொக்கட்டிச்சோலையிலிருந்து நெல் ஏற்றும் லொறி அவருடையது.
படுவான்கரையில் மூட்டைக்கு இவ்வளவு என்று கட்டவேண்டும்.
ரசீது தருவார்கள்,
கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.
வலையிறவு தாண்டி எழுவான்கரைக்கு வந்தால்
ரசீது கிடையாது.
சிகரெட் பெட்டி, சோடா,
ஒருநாள் மணிக்கூடு.
அதே மூட்டை. அதே வாவி.
சமாதானம் என்று சொன்ன வருடங்களிலும்
பாலத்தின் இரு நுனியிலும் கை நீண்டிருந்தது.

எந்தக் கரையில் குடியிருந்தால் மலிவு?
சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில்
அவரும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
விடை வரும் முன்னம் லொறி போய்விட்டது,
டிரைவர் பேரின்பத்தோடு.
அதற்கு மட்டும்
எந்தக் கரையும் ரசீது தரவில்லை.

பதினொன்றரைக்குக் கிருபை கூட்டி முடித்தார்.
வருடத்துக்கு அறுநூறு டொலர் வித்தியாசம்,
மேர்சி சொன்ன ஜக்கெட்டைச் சேர்த்தால்
அதுவும் இல்லை.
பென்சிலை வாங்கிக் கடைசி வரியில் நான் எழுதினேன்:
ரசீது தருவார்களா?
கல்கரிப் பக்கம் சரி போட்டார்.
டொரொண்டோப் பக்கம் சரி போட்டார்.
பிறகு கொப்பியை மூடாமல் அப்படியே இருந்தார்.

நாளைக்கு மாநகரசபைக்குப் போகவேண்டும்.
வளவில் நிற்பது ஒற்றை முருங்கை,
அதற்கும் பெயர் சோலைவரி.
முப்பத்தோராம் திகதிக்கு முதல்
முழுவருடத்துக்கும் கட்டினால் பத்து வீதம் கழிவு.
"சித்திரைக்குள்ள போயிருவமே,
காலாண்டுக்கு மட்டும் கட்டுவமா?" என்றார்.

முழுசாகக் கட்டுங்கள் என்றேன்.